டிஸ்க்கக் காணோம்னு சொன்ன பொட்டி

சுனாமிக்குக் கட்டிக் குடுத்தாங்களே வூடு, அதுக்கெல்லாம் ரெண்டாந்தபா சுண்ணாம்பு அடிச்ச வருசம்னு வச்சிக்க மாப்ள. வருசத்த நம்பர் போட்டுக் கேட்டின்னா எனக்குத் தெரியாது. மழைக்குக்கூட பள்ளிக்கூடத்துல ஒதுங்காதவன் நானு. ஆனா அந்தச் சுண்ணாம்பு வாசன இருக்கு பாரு, பச்ச வாசன, மூக்குக்குள்ள ஜில்லுனு ஏறும், அது இன்னும் அப்பிடியே இருக்கு. சாயங்காலத்துல ஊரே வெள்ளையா நிக்கும். கடல்லேர்ந்து பாத்தா கொக்கு கூட்டமா ஒக்காந்திருக்காப்ல தெரியும்.

இப்ப எதுக்கு இது நெனப்புக்கு வந்திச்சின்னா, நேத்து ஓ.டி.க்கு, அதான் பழைய டவுனுக்கு, மாத்திரை வாங்கப் போனேன். பஸ்ஸு நிக்கிற எடத்துக்குப் பக்கத்துல ஒரு பழைய இரும்புக் கட. வாசல்ல கம்ப்யூட்டர் பொட்டியா அடுக்கி வச்சிருக்கான், ஐஸ் பொட்டி அடுக்குறாப்ல. ஒண்ணு மூடி தொறந்து கெடந்திச்சி. உள்ளேர்ந்து வெயிலுக்கு ஒரு வாசன, சூடான தூசியும் கருகுன பிளாஸ்டிக்கும் கலந்து. அவ்ளோதான். மாத்திரைய மறந்துட்டேன். கடக்காரன், "என்னா பெருசு, வேணுமா?"ன்னான். "வேணாம்பா, மோந்து பாத்தேன்"ன்னேன். ஒரு மாரியா பாத்தான்.

அந்த வாசன எங்க ஊரு ரூம்பு வாசன மாப்ள. சுனாமிக்கு அப்புறம் தொண்டு நிறுவனத்துக்காரங்க வந்தாங்கல்ல, ஒருத்தரு வல குடுத்தாரு, ஒருத்தரு பைபர் போட்டு குடுத்தாரு, ஒருத்தரு தண்ணியில மெதக்குற சட்ட குடுத்தாரு. கடைசியா வந்தவுங்க ஒரு ரூம்பு கட்டி, உள்ள ஒரு கம்ப்யூட்டர வச்சிட்டுப் போனாங்க. அதுல தெனமும் கடல் சேதி வரும். அல எவ்ளோ ஒசரம், காத்து எந்தப் பக்கம், எவ்ளோ வேகம். அதப் படிச்சி மைக்குல சொல்லணும். ரூம்புக்குப் பக்கத்துத் தென்ன மரத்துல பெரிய கொழா ஒண்ணு கட்டியிருந்திச்சி.

படிக்கிறது எந் தம்பி மவ செல்வி. பன்னண்டாவது வரைக்கும் படிச்ச பொண்ணு. அதே ஊருலதான், காத்தவராயன் வூட்டுக்கு வாக்கப்பட்டிருந்தா. புருசன் கத்தாருல வண்டி ஓட்டுறான். எனக்கு முட்டி போயி கடலுக்குப் போறத நிறுத்துன காலம் அது, மைக் செட்டு வேல என்னுது. வேலன்னா என்னா பெரிய வேல? சுவிச்சப் போட்டு, "ப்பூ, ப்பூ"ன்னு ரெண்டு ஊது ஊதி செல்வி கையில குடுக்கணும். அந்த ஊதலுக்கே ஊருல எனக்கு ஒரு மரியாத. டீக்கடையில, "என்னா ப்பூ ப்பூ, இன்னிக்கு வெளங்க ஊதலியே"ம்பானுங்க.

செல்வி கொரலு ஒண்ணும் பாட்டுக்காரி கொரலு இல்ல. மெல்லிசா, கொஞ்சம் மூக்கால வரும். ஆனா கொழா வழியா வந்து தென்ன ஓலயில பட்டு மணல்ல எறங்கறப்ப வேற யாரோ பேசறாப்ல இருக்கும். "இன்று அலையின் உயரம்"னு புத்தகத் தமிழ்ல ஆரம்பிப்பா. வல பின்னுறவன் கை நின்னுடும். மீன் அலசுற பொம்பளைங்க தண்ணிய மெதுவா ஊத்துவாளுங்க. நாய்கூட கொலைக்காதுன்னு சொல்லுவேன், நீ நம்ப மாட்ட, வுடு.

அவ மாமனாரு காத்தவராயன் எங்க நின்னு கேப்பான்னு எனக்கு அப்பத் தெரியாது. அவன் ஒரு உர்ருன்னு மூஞ்சிக்காரன். என்னய மச்சான்னுதான் கூப்புடுவான், அதுவும் காரியம் இருந்தாத்தான். மருமவகிட்ட நேருக்கு நேரா பேசவே மாட்டான். எங்க பக்கம் வழக்கமே அப்பிடித்தான், மாமனாரும் மருமவளும் மூஞ்சி பாத்துப் பேசிக்கிறது இல்ல. "சோறு போட்டாச்சா"ன்னு கேக்கணும்னா செவுத்தப் பாத்துக் கேப்பான். இவ கதவுக்குப் பின்னாடி நின்னு, "ஆச்சின்னு சொல்லுங்க"ம்பா, வூட்டுல யாருமே இல்லன்னாக்கூட. யாருகிட்ட சொல்லச் சொன்னான்னு நான் கேட்டுச் சிரிப்பேன். அப்பறம் பாத்தா அந்த யாரோ நான்தான். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒயரு மாரி நான்.

அந்த வருசம் ஆடி மாசம் மாரியம்மனுக்குக் காப்பு கட்டுனாங்க. காப்பு கட்டிட்டா எங்க ஊருல யாரும் தொழிலுக்குப் போவக்கூடாது. திருட்டுத்தனமா ஒருத்தன் போயிடக்கூடாதுன்னு ஒவ்வொருத்தனும் இஞ்சினக் கழட்டி வூட்டுக்குத் தூக்கிட்டு வந்துடுவான். செடல் திருவிழா முடிஞ்சி காப்ப அவுக்கிற வரைக்கும் கடல் தனியா கெடக்கும். அந்த நாளு கரைக்குப் போயி நின்னுருக்கியா நீ? ஒரு இஞ்சின் சத்தமும் இருக்காது. அலயும் மேளமுந்தான். மேளம் நின்னா அல, அல எறங்குனா மேளம். உடுக்க சத்தத்துல கண்ணு சொக்கும். ரூம்பையும் பூட்டிட்டா செல்வி. கடலுக்கே யாரும் போவல, யாருக்குச் சேதி சொல்றது? சாவி அவ வூட்டுல ஆணியில தொங்கிச்சி.

காப்பு அவுத்த மறுநா ரூம்பத் தொறந்து பொட்டியப் போட்டா. எப்பவும் டொய்ங்குனு ஒரு பாட்டு வரும், பச்சப் புல்லும் நீல வானமுமா படம் வரும். எனக்கு அந்தப் படத்து மேல ஆச. அவ்ளோ புல்ல நான் நேருல பாத்ததே இல்ல. அன்னிக்குப் பாட்டும் வரல, புல்லும் வரல. கறுப்புல வெள்ள எழுத்து, அதுக்குக் கீழ ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி நிக்குது.

"என்னாம்மா எழுதியிருக்கு?"

"டிஸ்க்கக் காணோம்குது பெரியப்பா. டிஸ்க்கப் போடுன்னுது."

"காணோம்னா? காப்பு கட்டுற வரைக்கும் இருந்திச்சில்ல?"

"உள்ளதான் இருக்கு. அதுக்குத் தெரியல."

சிதம்பரத்துல பாஸ்கர்னு ஒரு தம்பி, கம்ப்யூட்டர் ரிப்பேர் கட வச்சிருந்தான். அவன்தான் வந்து மாட்டிக் குடுத்தவன். அவனுக்குப் போனப் போட்டா. அவன் அங்கேர்ந்து சொல்லச் சொல்ல இவ இங்க செய்யறா. சிடி எதுனா உள்ள மாட்டியிருக்கா பாரு. இல்ல. பென் டிரைவு சொருவியிருக்கா? இல்ல. மறுபடி அணச்சிப் போடு. அதே எழுத்து. அப்பறம், போடறப்பவே ஒரு பட்டன அமுக்கிக்கிட்டே இருன்னான். அமுக்குனா நீலமா ஒரு பக்கம் வந்திச்சி. அதுல டிஸ்க் பேரு இருக்கான்னு பாரு. "எதுவுமில்லன்னு இருக்குண்ணா." பொட்டியில காத வச்சி, சத்தம் வருதா கேளுன்னான்.

அவளுக்குக் கேக்கலன்னு என்னய வைக்கச் சொன்னா. மண்டி போட்டு காத வச்சேன். ங்ங்ங்னு ஒரு சத்தம். சங்கக் காதுல வச்சாப்ல. எந்த அலயையெல்லாம் அது சொல்லிச்சோ அத்தனையும் உள்ள சுத்திக்கிட்டுக் கெடக்குன்னு தோணிச்சி. அப்பிடியே கண்ண மூடிட்டேன் போல.

"பெரியப்பா! தூங்கிட்டிங்களா?"

"சுத்துதும்மா. உசுரு இருக்கு."

"அப்ப டிஸ்க்கு சாவல. தொறக்காதீங்க, எடுத்துட்டு வாங்க"ன்னான் பாஸ்கரு.

இதுக்குள்ள ஊருல சேதி பரவிடுச்சி. ஊருத் தலைவரு நாட்டாரு கூட்டுன கூட்டத்துல ஒருத்தன் எழுந்து, "அது பேசாட்டி என்னாத்துக்கு ரூம்பு? எங்க வலைங்க மழையில நனையிது"ன்னான். இன்னொருத்தன், "பொம்பளப் புள்ளய நாற்காலியில ஒக்கார வச்சி ஊரே வாயப் பாத்துக்கிட்டு இருக்கம்"னான். நாட்டாரு தீர்த்துச் சொல்லிட்டாரு. "வர்ற ஞாயித்துக்கெழமக்குள்ள பேசணும். இல்லாட்டிச் சாவியக் குடுத்துடணும்." காத்தவராயன் அந்தக் கூட்டத்துலதான் ஒக்காந்திருந்தான். வாயே தொறக்கல. பீடிய இப்பிடியும் அப்பிடியும் உருட்டிக்கிட்டு இருந்தான்.

செல்வி அன்னிக்கு எங்கிட்ட சொன்னா. "எல்லாரும் தரையிலதான் ஒக்கார்றம் பெரியப்பா. எனக்குன்னு ஒரு நாற்காலி கெடச்சிது. அது போயிட்டா நாளக்கி மீன் கூடைதான்." கூட தூக்கறது தப்பில்லம்மான்னேன். "தப்பில்ல. ஆனா அத யாரு வேணா தூக்கலாம். இது நான் மட்டுந்தான பண்றேன்"ன்னா.

மறுநா பொட்டியப் போர்வையில சுத்தி, நானும் அவளும் சிதம்பரம் பஸ்ஸு ஏறுனம். கண்டக்டரு, "என்னா பெருசு, புள்ளயா? புள்ளக்கி அரை டிக்கெட்டு"ன்னான். "புள்ளதாம்பா, பேச மாட்டேங்குது, வைத்தியருகிட்ட கொண்டுபோறம்"னேன். சிரிச்சிட்டு லக்கேஜு கேக்காம வுட்டுட்டான். சிப்காட்டு பேக்டரிங்களத் தாண்டறப்ப அந்த மருந்து நாத்தம், பஸ்ஸுல எல்லாரும் மூக்கப் பொத்துவாங்க. அது முடிஞ்சா சவுக்குத் தோப்பு. சவுக்கு ஊடால வெளிச்சம் மின்னி மின்னி மடியில இருந்த போர்வ மேல ஓடும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம்னு அவன் கூவறது தூரத்துல கேக்குது. பாதி தூக்கம் எனக்கு. மடியில கனம். எம் பெரிய மவளத் தடுப்பூசி போடக் கொண்டுபோன பஸ்ஸா, இதுவான்னு ஒரு நேரம் தெரியல. வெள்ளாத்துப் பாலத்துல காத்து அடிச்சி முழிச்சேன்.

பாஸ்கரு கட தெக்கு வீதியில ஒரு ஜவுளிக் கடக்கி மேல. படி செங்குத்தா இருக்கும், என் முட்டிக்குச் சாபம். ஜன்னலத் தொறந்தா கோபுரத்துல கிளிங்க கத்தறது கேக்கும், உள்ள ஈயம் உருக்குன பொகை. அவன் திருப்புளிய வச்சி மூடியக் கழட்டுனான். உள்ள பாத்துட்டு அப்பிடியே நின்னுட்டான்.

"மாமா, ஒயரயே காணோமே. பட்டையா ஒண்ணு இருக்கும். டிஸ்க்குலேர்ந்து போர்டுக்குப் போற ஒயரு. அது இல்லாட்டி, டிஸ்க்கு இருக்குன்னே இதுக்குத் தெரியாது. யாரு கழட்டுனா?"

அவன் கைய வுட்டு டிஸ்க்க வெளியில இழுத்தான். ஒரு கையகலம். அதுக்குப் பின்னாடி, ஒயரு சொருவற எடத்துல, ஒரு துண்டுத் துணிய மடிச்சி வச்சி நைலான் நூலால இறுக்கிக் கட்டியிருந்திச்சி. துணியில எண்ண. அவன் மோந்து பாத்தான்.

"தேங்காண்ணெய் மாமா! தலையா வாரி வுடப் போறீங்க?"

செல்வி சிரிக்கல. அந்தத் துணியவே பாத்துக்கிட்டு இருந்தா. பச்சக் கட்டம் போட்ட லுங்கித் துணி.

"எங்க மாமனாரு லுங்கி"ன்னா.

பாஸ்கரு வேற ஒயரு ஒண்ணு மாட்டுனான். டொய்ங்குனு பாட்டு, பச்சப் புல்லு. எனக்கு வாயெல்லாம் பல்லு. "பாருங்க மாமா, மத்த எடமெல்லாம் உப்புக் காத்துல பூத்துக் கெடக்கு. துணி கட்டுன எடம் மட்டும் பளபளன்னு இருக்கு, இது என்னாடா கூத்து"ன்னு தலைய ஆட்டிக்கிட்டே மூடிய மாட்டுனான். செல்விக்கு எதுவும் ஏறல. படி எறங்கறப்ப சொன்னா: "சாவிய நானே குடுத்துடறேன் பெரியப்பா. அவுருக்குப் புடிக்கலன்னா என்னா பண்றது. ஊரு சொன்னாக்கூட எதுத்து நிப்பேன். ஒரே வூட்டுல இருந்துக்கிட்டு ஒயரப் புடுங்கறவரு கூட எப்பிடி நிக்கிறது?"

திரும்பி வர்ற பஸ்ஸுல அவ ஜன்னலுப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. எங் கையில அந்த எண்ண ஒட்டியிருந்திச்சி. மூக்கச் சொறிஞ்சப்ப வாசன வந்திச்சி. வெறும் தேங்காண்ணெய் இல்ல மாப்ள, அதுல கொஞ்சம் மண்ணெண்ண. ரெண்டையும் கலந்து நான் எத்தன வருசம் தடவியிருக்கேன்! இஞ்சினக் கழட்டி வூட்டுக்குக் கொண்டாந்தா மொத வேல என்னா? பெட்ரோலு டியூப உருவித் தனியா வைக்கணும். உருவுன ஓட்டையில உப்பு ஏறாம எண்ணத் துணியக் கட்டணும். நான் பண்ணியிருக்கேன், எங்கப்பன் பண்ணியிருக்கான். எந்த ஊருக்காரன் பண்ணாம இருக்கான்? இதுகூட ஒறைக்காம சிதம்பரம் வரைக்கும் போயி எண்ணய மோந்துட்டு வந்திருக்கேன் பாரு, நான் எவ்ளோ பெரிய புத்திசாலின்னு.

எறங்குனதும் நேரா காத்தவராயன் வூட்டுக்குத்தான் போனேன். செல்வி பொட்டியோட உள்ள போயி கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டா. அவன் முத்தத்துல ஒக்காந்து வல சிக்கெடுத்துக்கிட்டு இருந்தான்.

"ஏன் மச்சான், கம்ப்யூட்டரு ஒயரு எங்க?"

"பொட்டியில."

"எந்தப் பொட்டியில?"

எழுந்து போயி அவனோட தகரப் பொட்டியக் கொண்டாந்தான். பெட்ரோலு டியூபு, பிளக்கு, அதுக்குப் பக்கத்துல பாலித்தீன் பையில மடிக்காம, நசுங்காம அந்தப் பட்ட ஒயரு. எங் கையில குடுத்தான்.

"ஏன்யா கழட்டுன?"

"காப்பு கட்டுனா எல்லாத்தையும் கழட்டறம்ல? இது மட்டும் என்னா ஒசத்தியா? அந்தச் சிதம்பரத்துப் பையன் அன்னிக்குத் தொறந்து காட்டறப்ப சொன்னான், இந்த ஒயருலதான் உசுரு போவுதுன்னு. திருவிழாவுக்கு வந்த பசங்க யார்னா பூட்ட ஆட்டிப்புட்டு உள்ள போயி போட்டுட்டா? உப்பு ஏறிட்டா? அந்தப் புள்ள தொழிலு அது. யாரு பாக்கறது?"

"சொல்லித் தொலைக்கலாமுல்ல? ஊருக் கூட்டத்துல பொணம் மாரி ஒக்காந்திருந்தியே!"

"பொட்டி ஓடல, பொட்டி ஓடலன்னு கத்துனானுங்க. ஒயரு எங்கன்னு எவன் கேட்டான்? மூடியத் தொறந்தா எண்ணத் துணி தெரியுமேன்னு நெனச்சேன். காப்பு அவுத்தாச்சில்ல, ஒயரு வேணும்னா அந்தப் புள்ளயாக் கேக்கும்னு பாத்தேன்." செவுத்தப் பாத்துக்கிட்டு, "கேட்டாக் குடுத்திருக்க மாட்டமா"ன்னான்.

கதவுக்குப் பின்னாடி மூக்க உறிஞ்சற சத்தம். அப்பறம் ஒரு சிரிப்பு, அடக்க முடியாம வாயப் பொத்திக்கிட்டு. "ஒயரு குடுத்தாச்சின்னு சொல்லுங்க பெரியப்பா. காபி வேணுமான்னு கேளுங்க"ன்னா. அவன் செவுத்தப் பாத்து, "சக்கர ஜாஸ்தியா வேணாம்னு சொல்லு"ன்னான்.

ஞாயித்துக்கெழம கூட்டம் கூடறப்ப நான் ப்பூ ப்பூன்னு ஊதுனேன். அன்னிக்கு ஊதுனாப்ல எப்பவும் ஊதல. "இன்று அலையின் உயரம்"னு அவ ஆரம்பிச்சா. நாட்டாரு சாவியப் பத்திப் பேசவேயில்ல. அடுத்த வருசம் காப்பு கட்டுன அன்னிக்கி, அவளே அந்த ஒயரக் கழட்டி வாசப்படியில வச்சிட்டு உள்ள போயிட்டா. காத்தவராயன் எடுத்துப் பொட்டியில வச்சான். காப்பு அவுத்த அன்னிக்கு வாசப்படியில திரும்ப இருந்திச்சி. ஒரு பேச்சு கெடையாது. வருசா வருசம் அப்பிடித்தான் நடந்திச்சி.

தானே புயலுல அந்த ரூம்பு கூர போச்சி மாப்ள. தென்ன மரம் போச்சி, கொழா எங்க போயி வுழுந்திச்சின்னே தெரியல. பொட்டிக்குள்ள ஒரு மொழம் மணலு. அப்பறம் ஆளுக்கு ஆளு கையில போனு வந்துடுச்சி, சேதி அதுலயே வருதுங்கறானுங்க. வருது, நான் இல்லன்னு சொல்லல. அவனவன் தனித்தனியாப் பாத்துட்டு பையில போட்டுக்கறான். அந்த ஒரு நிமிசம், கர முழுக்க கை வேல நின்னு ஒரே பக்கம் காது வச்சிருக்குமே, அது இல்ல. புருசன் கத்தாரு வேலய முடிச்சிட்டு வந்ததும் செல்வி சிதம்பரத்துக்குக் குடி போயிட்டா. காத்தவராயனும் போய்ச் சேந்துட்டான். போற வரைக்கும் எம் மாமனாரு நான் படிக்கிறது நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னது இல்ல பெரியப்பான்னு எழவுல அழுதா. எனக்கு ஒண்ணு சொல்லணும்னு இருந்திச்சி. கூட்டத்துல சொல்ல முடியல.

நீ வாராவாரம் சிதம்பரத்துக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போறவன். அண்ணாமலை நகருல அவ வூடு எதுன்னு உனக்குத் தெரியும். நான் போன்ல சொன்னா ரெண்டு பேரும் அழுதுக்கிட்டுக் காச வீணாக்குவம். நீ நேருல சொல்லு. ஒரு நாளு தெக்கேர்ந்து அடிக்கிற சோழகக் காத்து கொழா சத்தத்த அள்ளிக்கிட்டுப் போயிடுச்சி. எல்லா போட்டும் போயிடுச்சி, காத்தவராயன் போட்டு மட்டும் பாதிக் கடலுலேர்ந்து திரும்பி வந்திச்சி. இஞ்சினு மக்கர்னு ஊரு நெனச்சிது. அவன் மணல்ல ஓடி வந்து, எங்கிட்ட மூச்சு வாங்கக் கேட்டான்: "மச்சான், அந்தப் புள்ள என்னா சொல்லிச்சி? கடைசி வார்த்த காதுல வுழல." நான் சொன்னேன். தலைய ஆட்டிட்டு, "அதுக்கிட்ட சொல்லிடாத"ன்னு திரும்பப் போனான். அவன் இருந்த வரைக்கும் நான் சொல்லல. இப்பச் சொல்லலாம். கரைக்குத் திரும்பி வந்து கேட்டாருன்னு சொல்லு மாப்ள. அவ்ளோ சொன்னாப் போதும், அவளுக்குப் புரிஞ்சிடும்.